கடைக்குள் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிவு: கடையிடம் இழப்பீடு கோர முடியுமா?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 63. திருப்பூரில் எங்களுடன் வசிக்கிறார். வீட்டு வேலைகளைப் பார்த்துக்கொண்டே, கால்மிதித் தையல் இயந்திரத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்து மாதம் நான்காயிரம், ஐந்தாயிரம் ரூபாய் சம்பாதித்து வந்தார். இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், கோயம்புத்தூரில் உள்ள ஒரு பெரிய பல்பொருள் அங்காடிக்கு நாங்கள் மூவரும் சென்றிருந்தோம். நானும் மனைவியும் பில் போடும் வரிசையில் நின்றபோது, தயிர் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு அம்மா குளிர்பதனப் பெட்டிகள் இருக்கும் பக்கம் போனார். அங்கே ஒரு பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து தரையில் பரவியிருக்கிறது. அதன்மேல் பிரித்த அட்டைப்பெட்டி ஒன்றை விரித்துப் போட்டிருந்தார்கள். அட்டையின் மேல் அம்மா கால் வைத்ததும் அது வழவழப்பான தரையில் அப்படியே சறுக்கியது. அவர் பக்கவாட்டில் விழுந்துவிட்டார்.

தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டது. மறுநாளே அறுவை சிகிச்சை செய்து, இடுப்பு மூட்டின் பந்துப் பகுதிக்கு உலோகப் பந்து பொருத்தினார்கள். மொத்தச் செலவு ரூ. 2,40,000. அதில் ரூ. 1,50,000 மருத்துவக் காப்பீட்டில் கிடைத்தது. இப்போது நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கிறார். தரையில் உட்காரக் கூடாது, தாழ்வான இருக்கை கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். தையல் இயந்திரத்தை எப்போது மிதிக்கலாம் என்று கேட்டதற்கு அவர் நேராகப் பதில் சொல்லவில்லை.

கடை மேலாளர் மருத்துவமனைக்கு வந்து பார்த்தார். வயதானவர்கள் கவனமாக நடந்திருக்க வேண்டும் என்றார். பிறகு மனிதாபிமான அடிப்படையில் ரூ. 15,000 தருவதாகவும், ஒரு கடிதத்தில் அம்மா கையெழுத்திட வேண்டும் என்றும் சொன்னார். கடிதத்தை நாங்கள் இன்னும் வாங்கவில்லை. கடை வாசலில், வாடிக்கையாளரின் பாதுகாப்புக்கும் உடைமைகளுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று ஒரு பலகையும் இருக்கிறது. அன்றைய பில் என் மனைவியின் கைப்பேசி எண்ணில் இருக்கிறது. விழுந்த இடத்தை நான் இரண்டு படங்கள் எடுத்தேன். அவற்றில் தண்ணீரும் அட்டையும் தெரிகின்றன.

இந்த நிலையில் சட்டப்படி இழப்பீடு கேட்க முடியுமா? முடியுமென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டுமா, சிவில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமா? வாசலில் பலகை இருப்பதால் எங்கள் உரிமை போய்விடுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கீழ்க்கோர்ட் வக்கீல் எழுதியது:

தங்கள் தாயார் விரைவில் எழுந்து நடமாட வேண்டுகிறேன். நான் கொங்கு மாவட்டங்களில் சிவில் வழக்குகள் நடத்தி வருபவன். ஆவணங்களைப் பார்க்காமல் எழுதுவதால் இதைப் பொதுவான விளக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த அட்டையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வழக்கின் உயிரே அதில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் பிறர் இடத்துக்குள் வருபவரின் பாதுகாப்புக்கு இடத்தை வைத்திருப்பவரே பொறுப்பு என்று 1957ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றிவிட்டார்கள். இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. கவனக்குறைவால் விளைந்த தீங்குக்கு இழப்பீடு என்ற பொதுவான தீங்கியல் கொள்கையின் கீழ்தான் இங்கே வழக்குத் தொடுக்க வேண்டும். அதற்கு ஒருவர் கடைக்குள் விழுந்தார் என்று காட்டினால் மட்டும் போதாது. தரை ஆபத்தான நிலையில் இருந்தது, அது கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது அல்லது நியாயமான கவனம் செலுத்தியிருந்தால் தெரிந்திருக்கும், தெரிந்தும் சரிசெய்யவில்லை, அதனால்தான் காயம் ஏற்பட்டது என்ற சங்கிலி முழுமையாக இருக்க வேண்டும். இத்தகைய வழக்குகளில் பெரும்பாலானவை இரண்டாவது கண்ணியில்தான் அறுபடுகின்றன. தண்ணீர் அந்த நிமிடத்தில்தான் கொட்டியது, வேறொரு வாடிக்கையாளர் சிந்திவிட்டுப் போனார், எங்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை என்று கடைத் தரப்பு சொல்லிவிடும். உங்கள் வழக்கில் அப்படிச் சொல்ல வழியில்லை. கசிவைப் பார்த்த யாரோ ஒரு பணியாளர்தான் அட்டையைக் கொண்டுவந்து விரித்திருக்கிறார். அவருக்குத் தெரிந்தது நிர்வாகத்துக்குத் தெரிந்ததாகவே சட்டம் கருதும். மேலும், ஈரத் தரையைத் துடைத்து எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டிய இடத்தில், சறுக்கக்கூடிய ஒரு பொருளைப் போட்டு ஆபத்தைப் பெரிதாக்கியும் இருக்கிறார்கள்.

இதற்கு மிக நெருக்கமான ஒரு தீர்ப்பு உண்டு. 1974இல் லிவர்பூலில் உள்ள டெஸ்கோ அங்காடியில் தரையில் சிந்தியிருந்த தயிரில் ஒரு பெண் வழுக்கி விழுந்தார். நாளைக்கு ஐந்தாறு முறை தரையைப் பெருக்குகிறோம் என்று நிறுவனம் வாதிட்டது. தயிர் எவ்வளவு நேரம் தரையில் கிடந்தது என்று அவரால் நிரூபிக்க முடியவில்லை. ஆனாலும் 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கடையில் நியாயமான கவனம் இருந்தால் இப்படி நடக்காது, எனவே தங்களிடம் தவறில்லை என்று காட்ட வேண்டியது கடையின் வேலை என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எடுத்துக்காட்டி வாதிடலாம். நம் நாட்டிலேயே இதே கொள்கையை உச்ச நீதிமன்றம் 1966இல் தில்லி மணிக்கூண்டு வழக்கில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சாந்தினி சவுக்கில் மாநகராட்சிக்குச் சொந்தமான மணிக்கூண்டு இடிந்து விழுந்து பலர் இறந்தார்கள். கட்டடத்துக்கு வயது 80. பயன்படுத்தப்பட்ட சாந்தின் தன்மைப்படி மேல்தளத்தின் ஆயுள் 40, 45 ஆண்டுகள்தான். குறை வெளியே தெரியவில்லை என்ற மாநகராட்சியின் வாதம் எடுபடவில்லை. இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தீர்ப்பு இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். சாலையோர மரம் விழுந்து பாதசாரி ஒருவர் இறந்த ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில், 1997இல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சிக்குப் பொறுப்பில்லை என்றது. பொது இடத்தை நிர்வகிக்கும் உள்ளாட்சி அமைப்பையும், இலாபத்துக்காக மக்களை உள்ளே அழைக்கும் வணிக நிறுவனத்தையும் நீதிமன்றங்கள் ஒரே அளவுகோலால் அளப்பதில்லை. உங்கள் எதிர்த்தரப்பு இரண்டாவது வகை என்பது உங்களுக்குச் சாதகம்.

வாசல் பலகையைக் கண்டு அஞ்ச வேண்டாம். தில்லி தாஜ் மகால் ஓட்டல் வழக்கில், ஊழியரிடம் ஒப்படைத்த வாகனம் திருடுபோனது. உரிமையாளரின் பொறுப்பிலேயே வாகனம் நிறுத்தப்படுகிறது என்று சீட்டில் அச்சிட்டிருந்ததை ஓட்டல் காட்டியது. தன் பக்கம் கவனக்குறைவு இருக்கும்போது அந்த வாசகத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது வாகன வழக்குதான். ஆனாலும் உடைமைக்கே பொருந்தும் கொள்கை உடம்புக்கு இன்னும் வலுவாகப் பொருந்தும் என்பது என் கருத்து.

இப்போது அவசரமான காரியம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான கடைகளில் கண்காணிப்பு கேமராப் பதிவின்மேல் 15 நாளிலோ 30 நாளிலோ புதிய பதிவு தானாக ஏறிவிடும். உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு வாரங்கள் போய்விட்டன. ஆகவே வக்கீல் நோட்டீசுக்காகக் காத்திராமல், உங்கள் தாயாரின் பெயரில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். சம்பவ நாள், நேரம், குளிர்பதனப் பெட்டி இருக்கும் பகுதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அந்த நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து உள்ள பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று கேளுங்கள். கிளை முகவரி, நிறுவனத்தின் பதிவு அலுவலகம் இரண்டுக்கும் ஒப்புகையுடன் அஞ்சலிலும், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். விழுந்த நிமிடத்தை மட்டும் கேட்டால், அட்டையை யார், எப்போது போட்டார் என்ற பகுதி கிடைக்காமல் போகும். கடிதம் கிடைத்த பிறகும் பதிவு அழிந்துபோனால், அது அவர்களுக்கு எதிராகத்தான் இருந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். கடிதமே போகவில்லையென்றால், வழக்கமான முறையில் அழிந்தது என்று அவர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள்.

நீங்கள் எடுத்த படங்களையும் கைப்பேசியிலேயே மூலவடிவில் வைத்திருங்கள். வாட்ஸப்பில் அனுப்பிய நகலில், எடுத்த நாள், நேர விவரம் நீங்கிவிடும். சாட்சியங்களுக்கான 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தில் பிரிவு 63 கோரும் சான்றிதழுடன்தான் மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகத் தாக்கல் செய்ய முடியும். அன்று அம்மா அணிந்திருந்த செருப்பையும் கழுவாமல் பத்திரப்படுத்துங்கள். தேய்ந்த செருப்பால்தான் வழுக்கினார் என்ற வாதம் நிச்சயம் வரும்.

பதிவேட்டுப் பிரிவு எழுதியது:

நான் ஒரு மருத்துவமனையின் மருத்துவ ஆவணப் பிரிவில் பணிபுரிகிறேன். வக்கீல் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தாயாரை முதலில் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனீர்கள், அங்கே விபத்துப் பதிவேட்டில் பதிந்தார்களா என்று பாருங்கள். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அந்தப் பதிவின் நகலைத்தான். எங்கே, எப்படி விழுந்தார், யார் அழைத்து வந்தார் என்று பணி மருத்துவர் அந்த நேரத்திலேயே எழுதுவது அது. வழக்கு, இழப்பீடு என்ற எண்ணமெல்லாம் வருவதற்கு முன்பே எழுதப்பட்டதால் நீதிமன்றத்தில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

அதைவிட முக்கியமாக, வீடு திரும்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தில் விழுந்த வரலாறு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று இன்றே படித்துப் பாருங்கள். வயதானவர்களின் இடுப்பு எலும்பு முறிவு என்றாலே குளியலறையில் விழுந்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு, வீட்டில் வழுக்கி விழுந்தார் என்று பழக்கத்தில் எழுதிவிடுவது எங்கள் துறையில் அடிக்கடி நடக்கிறது. இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் உடன் வந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தவிர்க்கக்கூடிய பிழை இது. ஆனால் அந்த ஒரு சொல், கடைத் தரப்புக்குக் கிடைக்கும் மிகப் பெரிய ஆயுதமாகிவிடும்.

அசல் பில்களைக் காப்பீட்டு நிறுவனம் வாங்கி வைத்துக்கொண்டிருந்தால், மருத்துவமனையிடம் சான்றொப்பமிட்ட நகல்களைக் கேட்டுப் பெறுங்கள். அறுவை சிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே படங்கள், பொருத்திய உறுப்பின் பெயரும் எண்ணும் உள்ள ஒட்டுச்சீட்டு ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருந்தது, அது தானாக முறிந்ததால்தான் அவர் விழுந்தார் என்று எதிர்த்தரப்பு சொல்வதுண்டு. எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயை வைத்துத்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

நொய்யல்கரை எழுதியது:

இருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. கேமராப் பதிவுக்கான கடிதத்தை இன்று காலை இரண்டு முகவரிகளுக்கும் அனுப்பிவிட்டேன், மின்னஞ்சலும் போய்விட்டது.

டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்துப் பார்த்தபோது மனம் பதறிவிட்டது. நீங்கள் சொன்னபடியே, வீட்டில் வழுக்கி விழுந்தார் என்றுதான் இருக்கிறது. ஆனால் முதலுதவிக்காகக் கடைக்கு அருகில் இருந்த வேறொரு மருத்துவமனைக்குத்தான் முதலில் போனோம். அங்கே கொடுத்த சீட்டில் கடையில் விழுந்ததாகக் கையால் எழுதியிருக்கிறார்கள். இந்த முரண்பாட்டைச் சரிசெய்ய முடியுமா?

இன்னும் இரண்டு கேள்விகள். உறவினர் ஒருவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால்தான் இழப்பீடு கிடைக்கும் என்கிறார். இன்னொருவர் 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுத்தாலே போதும் என்கிறார். எது சரி?

அங்காடி மேற்பார்வை எழுதியது:

வேறொரு நிறுவனத்தின் அங்காடியில் தள மேற்பார்வையாளராக இருக்கிறேன். கடைகளின் உள்நடப்பு தெரிந்தால் கேள்வியாளருக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

குளிர்பதனப் பெட்டியில் உறைபனி உருகும் நீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால், நீர் தட்டு நிரம்பி அடியில் கசியும். இது ஒரு நாளில் தோன்றும் கோளாறாக இருப்பது அரிது. பெரும்பாலும் ஊழியர்கள் பழுது பார்ப்பவருக்குத் தகவல் கொடுத்துவிட்டு, அவர் வரும்வரை துணியையோ அட்டையையோ போட்டு நாளைக் கடத்துவார்கள். அந்தத் தகவல், பழுதுப் புகார்ப் பதிவாக ஏதோ ஒரு கணினியிலோ வாட்ஸப் குழுவிலோ இருக்கும். துப்புரவுப் பணியாளர் மணிக்கு மணி கையெழுத்திடும் தாள் ஒன்றும் பெரும்பாலான பெரிய கடைகளில் உண்டு. வாடிக்கையாளர் விழுந்தால் சம்பவ அறிக்கை எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதும் வழக்கமான விதி. இந்த மூன்றையும் பெயர் சொல்லி நோட்டீசில் கேளுங்கள். பொதுவாக ஆவணங்கள் வேண்டும் என்று கேட்டால் எதுவும் வராது.

மற்றொன்று, பெரிய அங்காடிகள் பலவும் வாடிக்கையாளருக்கு ஏற்படும் காயத்துக்காகத் தாமாகவே பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. மேலாளர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். கிளைச் செலவுக் கணக்கிலேயே சிறு தொகை கொடுத்துக் கடிதம் வாங்கி முடித்துவிட்டால், தலைமை அலுவலகத்தின் கேள்வி வராது என்று நினைப்பார்கள். நானும் இந்தத் தொழிலில் இருப்பவன்தான். ஆனாலும் ஒரு வயதான பெண்மணியின் இடுப்பு எலும்புக்குப் பதினைந்தாயிரம் என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நிறுவனத்திடம் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா, இருந்தால் இந்தச் சம்பவம் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள்.

கீழ்க்கோர்ட் வக்கீல் எழுதியது:

மேற்பார்வையாளர் அவர்களின் பதிவு மிகப் பயனுள்ளது. அவர் சொன்ன பழுதுப் புகார்ப் பதிவு கிடைத்துவிட்டால், கசிவு பல நாளாக இருந்தது என்பதே நிறுவனத்தின் ஆவணத்தால் நிரூபணமாகிவிடும்.

1991ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பிறகு, அபாயகரமான பொருள்களைக் கையாளும்போது நேரும் விபத்துகளுக்காகக் கொண்டுவரப்பட்டது அது. ஆட்சியரிடம் மனு என்பது அந்தச் சட்டத்தின் நடைமுறை. அங்காடி விருப்பத்தின்பேரில் எடுக்கும் காப்பீட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெயர் ஒத்திருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

காவல் புகார் இழப்பீட்டுக்கு முன்நிபந்தனையும் இல்லை. பிறர் பாதுகாப்புக்குக் கேடு விளைக்கும் கவனமற்ற செயலால் கொடுங்காயம் ஏற்படுத்துவது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 125இன் கீழ் குற்றம். எலும்பு முறிவு கொடுங்காயம்தான். எனினும் குற்ற வழக்கில் கேட்கப்படும் நிரூபண அளவு மிக உயரம். பெரும்பாலும் அட்டையைப் போட்ட கடைநிலை ஊழியர்தான் அதில் மாட்டுவார். பெட்டியைப் பழுதுபார்க்காமல் விட்டவர்கள் வெளியே இருப்பார்கள். நானாக இருந்தால், சம்பவத்தைப் பதிவுசெய்வதற்காக மட்டும் ஒரு புகார் மனு கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கி வைத்துக்கொள்வேன்.

ஆவண முரண்பாட்டைத் திருத்தலாம். முதலில் போன மருத்துவமனையின் சீட்டையும், ஆம்புலன்சில் போயிருந்தால் அதன் ரசீதையும் இணைத்து, வரலாற்றைத் திருத்தித் தருமாறு மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு மனு எழுதுங்கள். பழைய வரியை அழித்து எழுதச் சொல்லாதீர்கள். உங்கள் மனுவைக் குறிப்பிட்டு, தேதியிட்ட திருத்தக் குறிப்பாக அவர்கள் தருவதுதான் பின்னாளில் குறுக்கு விசாரணையில் நிற்கும். காப்பீட்டுக் கோரிக்கையில் எந்த இடம் குறிப்பிடப்பட்டது என்றும் பாருங்கள். அங்கும் வீடு என்று போயிருந்தால் அவர்களுக்கும் இப்போதே தெரிவித்துவிடுங்கள்.

இனி எங்கே போவது என்ற கேள்விக்கு வருகிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருப்பூரிலேயே புகார் செய்யலாம். சம்பவ நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம். எந்த ஆணையம் என்பதும் கட்டணம் எவ்வளவு என்பதும் பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த விலையைப் பொறுத்தே அமைகின்றன. விலை 5 இலட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும்; மேலும் 15 நாள் நீட்டிக்கலாம், அதற்குமேல் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதிசெய்துவிட்டது. ஆனால் உங்கள் வழக்கில் இரண்டு முட்டுக்கட்டைகள் வரும். கடை பொருளைத்தான் விற்றது, சேவை எதையும் விற்கவில்லை என்பது ஒன்று. பில் மருமகளின் எண்ணில் இருக்கிறது, விழுந்தவர் எதையும் வாங்கவில்லை என்பது மற்றொன்று. பாதுகாப்பான தளமும் கடை தரும் சேவையில் அடக்கம் என்றும், ஒரே குடும்பமாக வந்து வாங்கியதால் அவரும் சேவையின் பயனாளர் என்றும் பதில் சொல்ல முடியும். எதிர்த்தரப்பு உண்மை விவரங்களைச் சிக்கலாக்கிவிட்டால், விரிவான சாட்சி விசாரணை தேவை, சிவில் நீதிமன்றம் போங்கள் என்று ஆணையம் சொல்லிவிடும் வாய்ப்பும் இருக்கிறது.

சிவில் வழக்குக்கு மூன்று ஆண்டுகள் அவகாசம். சம்பவம் நடந்த கோயம்புத்தூரிலோ, நிறுவனம் தொழில் நடத்தும் இடத்திலோ தொடுக்க வேண்டும். சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கலாம், ஆவணங்களை வரவழைக்கலாம். உங்கள் வழக்கு சாட்சியத்தை நம்பி நிற்பதால், கால தாமதம் ஆகும் என்றாலும் சிவில் வழக்கைத்தான் நான் விரும்புவேன். கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம் என்பது பலரைத் தயங்க வைக்கிறது. ஆனால் 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் பிரிவு 12இன்படி, பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. அந்த உதவியில் நீதிமன்றக் கட்டணமும் சேரும். வசதியுள்ள குடும்பத்துப் பெண்ணுக்கு இது பொருந்தாது என்று யாராவது சொன்னால், பிரிவைக் காட்டுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். வழக்குக்கு முந்தைய நிலையிலேயே அங்கே மனு கொடுத்து நிறுவனத்தைச் சமரசப் பேச்சுக்கு அழைக்கவும் முடியும்.

தொகையைப் பற்றி. கைப்பணத்திலிருந்து போன ரூ. 90,000, இனி வரும் பிசியோதெரபி, உடனிருந்து பார்த்துக்கொண்டவரின் செலவு, வலியும் வேதனையும், வாழ்க்கை வசதி இழப்பு, வருமான இழப்பு என்று தனித்தனித் தலைப்பில் கேட்க வேண்டும். காப்பீட்டில் வந்ததை மறைக்காதீர்கள். வருமான இழப்பில்தான் பெரிய போராட்டம் இருக்கும், ஏனென்றால் வீட்டிலிருக்கும் அம்மாவுக்கு என்ன வருமானம் என்று கேட்பார்கள். ஜாம்ஷெட்பூரில் 1989 மார்ச் 3ஆம் நாள் நடந்த தீவிபத்து வழக்கில், 2001இல் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் உழைப்புக்கு மாதம் ரூ. 3,000 என மதிப்பிட்டது. 62 முதல் 72 வயது வரையுள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ரூ. 20,000 என்றது. அந்த இரண்டாவது தொகை அன்றைக்கே குறைவு என்று நான் கருதுகிறேன். அதிகாலையில் எழுந்து வீட்டையே சுமக்கும் அறுபது வயதுப் பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர்! 2021இல் ஒரு மோட்டார் விபத்து வழக்கில், வீட்டுப் பணிக்கு உரிய பொருளாதார மதிப்பைத் தர வேண்டும் என்று அதே நீதிமன்றம் விரிவாகச் சொன்னது, அதை எடுத்துக்காட்டலாம்.

உங்கள் தாயாருக்குத் தையல் வருமானமும் இருந்தது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, உடல் ஊனம் எத்தனை சதவீதம் என்பதோடு நிற்காமல், அந்த ஊனம் அவருடைய தொழிலை எவ்வளவு பாதித்தது என்று பார்க்க வேண்டும். இடுப்பு மூட்டை மடக்கி மணிக்கணக்கில் மிதிக்க வேண்டிய இயந்திரத்தில் வேலை செய்தவருக்கு, சான்றிதழில் 30 சதவீதம் என்று இருந்தாலும் தொழில் இழப்பு ஏறக்குறைய முழுமையானது. அளவு நோட்டு, வாடிக்கையாளர் இருவரின் சாட்சியம், நூல் வாங்கிய கடைச் சீட்டு என்று கிடைப்பதையெல்லாம் சேர்த்து வையுங்கள். எலும்பு ஏற்கெனவே பலவீனமாக இருந்தது என்ற வாதம் பொறுப்பை நீக்காது. விழ வைத்தவர், விழுந்தவரை அவர் இருந்த உடல்நிலையிலேயே ஏற்க வேண்டும் என்பது நிலைபெற்ற கொள்கை. கீழே பார்க்காமல் நடந்தார் என்று நிரூபித்தால், அவர் பங்குக்கு ஒரு சதவீதத்தைக் கழிப்பார்கள், அவ்வளவுதான்.

மேலாளரின் கடிதத்தில் முழுமையான இறுதித் தீர்வு என்றோ, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்றோ ஒரு வரி இருந்தால் கையெழுத்திட வேண்டாம். மருத்துவச் செலவுக்கு முன்பணமாகத் தர விரும்பினால் வங்கி வழியாகப் பெற்றுக்கொண்டு, மற்ற உரிமைகளுக்குப் பாதகமின்றிப் பெறப்பட்டது என்று நீங்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். நோட்டீசில் அங்காடி நிறுவனத்துடன் கட்டட உரிமையாளரையும், துப்புரவு வெளி ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த ஒப்பந்ததாரரையும் சேர்ப்பது நல்லது. பின்னாளில் ஒருவர் மற்றவரைக் கை காட்டும்போது காலக்கெடு கடந்துபோயிருக்கக் கூடாது.

நொய்யல்கரை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. திங்கட்கிழமை அம்மாவின் ஆதார் நகலுடன் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகிறேன். சம்பவம் கோயம்புத்தூரில் நடந்ததால் அங்கேதான் மனு கொடுக்க வேண்டுமா, திருப்பூரிலேயே கொடுக்கலாமா?

கீழ்க்கோர்ட் வக்கீல் எழுதியது:

திருப்பூரிலேயே கொடுங்கள்; வழக்கு கோயம்புத்தூரில் தொடுக்க வேண்டியதென்றால், மனுவை அவர்களே அங்குள்ள ஆணைக்குழுவுக்கு அனுப்பிவைப்பார்கள். ஒப்புதல் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.